துவக்குக்கு ஒரு பட்டி

என் இடுப்பில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை என்று கல்யாணமான புதிதிலேயே என் மனைவி சொல்லிவிட்டாள். நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். நாற்பத்திரண்டாவது வயதில் அந்த இடுப்பில் ஒரு துவக்கைக் கொண்டு திரியவேண்டி வந்தபோதுதான் அவள் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று விளங்கியது.

துவக்கு என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். நான் ஒரு தனியார் பாதுகாப்புக் கம்பெனியில் காவலாளியாக இருந்தவன். முதல் பதினொரு வருடமும் திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தின் வாசலில் இரவுக் காவல். ஒரு தடி, ஒரு டோர்ச், ஒரு விசில். பின்னேரம் நான் சைக்கிளை எடுக்கும்போது மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். காலையில் நான் திரும்பும்போது பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருப்பாள். அப்பா என்ன செய்கிறார் என்று வகுப்பில் ரீச்சர் கேட்டதற்கு, "அப்பா படுத்திருக்கிறார்" என்று பிள்ளை எழும்பி நின்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். மனைவி அதைச் சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் வான் வண்டிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். காலை ஆறரைக்குப் போனால் பின்னேரம் ஐந்துக்கு விட்டுவிடுவார்கள். ஐந்தரைக்கு அன்புவழிபுரத்தில் என் வீட்டு வாசலில் நிற்கலாம். பிள்ளையின் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் வானில் போகிறவன் தடியோடு போக முடியாது. பயிற்சி கொடுத்தார்கள், அட்டைப் பலகையைச் சுடவைத்தார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பிஸ்டலைத் தந்தார்கள். மூன்று மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் திரும்பவும் களஞ்சிய வாசல் என்றார்கள்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி தைத்துக்கொண்டிருந்த மெசினை நிற்பாட்டினாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்த சண்டைக் காலத்தில் துவக்கு வைத்திருந்தவர்கள் அவர்களுடைய முற்றத்துக்குள் வராத மாதமில்லை. இவர்கள் வந்து கேட்பார்கள், அவர்கள் வந்து கேட்பார்கள். ஒருநாள் அவளுடைய தகப்பனைக் கூட்டிக்கொண்டு போய் நாலு நாளைக்குப் பிறகு விட்டார்கள். அந்த நாலு நாளும் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று ஒருமுறை மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"அந்தச் சாமானை இந்த வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது" என்றாள்.

"வராது. அது ராவில ஒபிஸில, இரும்பு அலுமாரிக்குள்ள. உறையும் இடுப்புப் பட்டியும்தான் உடுப்போட வரும்."

"சரி" என்றாள். மெசின் திரும்ப ஓடத் தொடங்கியது.

கம்பெனி தந்த பட்டியைப் பட்டி என்று சொன்னால் பட்டிக்கே வெட்கம். வெளியே ரெக்சின், உள்ளே என்னவென்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். பிஸ்டல், குண்டுகளோடு சேர்த்து ஒரு கிலோவுக்குக் கிட்ட இருக்கும். கையில் தூக்கினால் அது ஒரு பாரமில்லை. இடுப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் காலையிலிருந்து பின்னேரம் வரை தொங்கினால்தான் ஒரு கிலோ என்றால் என்னவென்று தெரியும். வலது பக்கம் பட்டி கீழே இறங்கும், உறை வெளிப்பக்கம் சாய்ந்து கூத்தாடும், காற்சட்டையும் கூடவே புறப்படும். முதல் நாள் கிண்ணியாவில் ஒரு வங்கிப் படியில் இறங்கும்போது வலக்கை துவக்கைப் பிடித்திருந்தது, இடக்கை காற்சட்டையைப் பிடித்திருந்தது. வானின் கதவைத் திறக்கக் கையில்லை.

வானின் டிரைவர் மூதூர்க்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். மனிதர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார்.

"தம்பி, கள்ளன் வந்தா முதல்ல எதைப் பிடிப்பாய்? துவக்கையா, மானத்தையா?"

"நீங்க வானை ஓட்டுங்க நானா" என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் பொறுப்பதிகாரி கடற்படையில் இருந்து இளைப்பாறிய ஒரு சிங்கள மனிதர். கொச்சைத் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் அதுவும் நல்லாக வரும். இரண்டு கிழமை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, உறையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். "இது என்ன, ஊஞ்சலா? பின்னால இருந்து ஒருத்தன் இழுத்தா உன்ர துவக்கு அவன்ட துவக்கு. மூணு மாசம் முடியிற அண்டைக்கு நானே இழுத்துப் பாப்பன். அசைஞ்சா நீ வாசலுக்குப் போ" என்றார்.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், நல்லது, தடியையே பிடியுங்கள் என்பாள். அவளுக்குத் துவக்கு இல்லாத புருஷன் வேண்டும், எனக்குப் பின்னேரம் வேண்டும். வாயை மூடிக்கொண்டு பட்டி தேடத் தொடங்கினேன்.

முதலில் டவுணில் ஒரு கடையில் பளபளவென்று ஒன்றை வாங்கினேன். அசல் தோல் என்று கடைக்காரர் தன் பிள்ளைகள்மேல் சத்தியம் பண்ணினார். பத்தாம் நாள் அது உறை இருந்த இடத்தில் மடிந்து, வெடித்து, உள்ளே இருந்த அட்டை வெளியே எட்டிப் பார்த்தது. கொண்டுபோய் மேசையில் எறிந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதில மாடு கட்டினனீங்களோ?" என்று கேட்டார். கடையில் நின்ற சனம் சிரித்தது. துவக்குக் கட்டினனான் என்று அந்தச் சனத்துக்கு முன்னால் சொல்ல முடியுமா? பட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நானா தன் சாரத்துக்கு மேல் கட்டுகிற நாலு விரல் அகலப் பட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பெறுமதியான சாமான், யானையையே தொங்கவிடலாம். ஆனால் என் காற்சட்டையின் வளையங்களுக்குள் அது நுழையாது, உறையின் வாய்க்குள்ளும் நுழையாது. "அப்ப சாரத்தை உடுத்துக்கொண்டு வா" என்றார். அன்றைக்கு முழுக்க அவரோடு கதைக்கவில்லை. மூதூர் போய் வருகிற தூரம் கதைக்காமல் இருப்பது லேசான வேலையில்லை, கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போதே எனக்கு வாய் அரிக்கத் தொடங்கிவிட்டது.

இப்படி அலைந்ததில் எனக்குப் பட்டியைப் பார்க்கத் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் பஸ்ஸில் ஒருவன் ஏறினால் முதலில் அவன் இடுப்பைத்தான் பார்ப்பேன். பட்டியின் ஒரு நுனியைப் பிடித்து நேரே நீட்ட வேண்டும். வாழைத்தண்டு மாதிரி ஓரளவு நிமிர்ந்து நின்றால் நல்லது, உடனே தலையைத் தொங்கப் போட்டால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். இரண்டு கையாலும் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பார்க்க வேண்டும், முறுகினால் உறை சாயும். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் உள்ளே தோலா கடதாசியா என்று தெரிந்துவிடும். அகலம் உறையின் வாய்க்குச் சரியாக இருக்க வேண்டும், ஒரு நூல் குறைந்தாலும் உறை நடக்கும்போது முன்னும் பின்னும் ஓடும். பளபளப்பை நம்பவே கூடாது.

அப்படிப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் சந்தைப் பக்கம் செருப்புத் தைக்கிற ஒருவரிடம் போனேன். இரண்டு தோலை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒட்டி, ஓரம் முழுக்க மெழுகு நூலால் தைத்துத் தருவேன் என்றார். ஆனால் அளவு பாரத்தோடுதான் எடுக்க வேண்டுமாம். "வெறும் இடுப்புக்கு அளவெடுத்தா உறை ஏறினதும் ரெண்டு ஓட்டை தள்ளும். சாமானோட வாங்கோ" என்றார். சாமானைச் சந்தைக்குள் கொண்டுபோனால் அடுத்த சந்தியில் என்னைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். இடுப்பு ஒரு பக்கம் கன்றிச் சிவந்துபோயிருந்தது. மனைவி எண்ணெய் தடவிக்கொண்டே என்னவென்று கேட்டாள். அளவுப் பிரச்சினையை மட்டும் சொன்னேன்.

"எவ்வளவு பாரம்?"

"ஒரு கிலோ வரும்."

எழும்பிப் போய் மிச்சத் துணியில் நீளமாக ஒரு பை தைத்துக்கொண்டு வந்தாள். மண் நிரப்புவோம் என்றாள். மண் உறைக்குள் கொட்டுப்பட்டால் பிஸ்டல் பழுதாகிவிடும் என்றேன். அரிசி போடுவோமா என்று நான் கேட்டதுதான் தாமதம், சன்னதம் வந்தவள் மாதிரிப் பார்த்தாள்.

"அரிசியை இடுப்புக்குக் கீழ தொங்கவிடுறதோ? உங்களுக்கு விசரே?"

கடைசியில் சீனி. புதுப் பைக்கற்றை உடைத்து நிரப்பி, வாயைத் தைத்து, உறைக்குள் செருகிவிட்டாள். நான் குசினிக்கும் வாசலுக்கும் இடையில் நடந்தேன். மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்து, "அப்பா, சீனியை எடுத்துச் சுடுங்கோ!" என்று கத்தினாள். மனைவி சிரித்தாள். அந்த வேலை தொடங்கி அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "துவக்கைப் பற்றி எனக்குத் தெரியாது. சீனியைப் பற்றித் தெரியும். இன்னும் கொஞ்சம் மேல தூக்கிக் கட்டுங்கோ" என்றாள். அந்தப் பின்னேரத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும்.

அந்தச் சீனியோடு போய்த்தான் அளவு கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் பொறுப்பதிகாரி உறையைத் திறந்து பார்க்க, உள்ளே எறும்பு ஊர்வலம் போனது. அதற்கு நான் வாங்கிய ஏச்சை இங்கே எழுத ஏலாது.

பட்டி வந்தது. கறுப்புத் தோல், இரட்டை மடிப்பு, பித்தளைப் பக்கிள். நீட்டிப் பிடித்தால் நிமிர்ந்து நின்றது. உறையைக் கோத்துக் கட்டினால் துவக்கு இருப்பதே மறந்துபோகும். சோதனை நாளுக்கு நாலு நாள் இருந்தது. பழைய பட்டியை எறிந்துவிட்டேன்.

அந்த நாலு நாளும் நவராத்திரியின் கடைசி நாட்கள் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

சோதனையன்று விடிய ஐந்து மணிக்குக் குளித்துவிட்டு வந்து காற்சட்டையைப் போட்டேன். ஆணியில் உறை தொங்கியது. பட்டியைக் காணவில்லை.

"இஞ்சாரும், என்ர பட்டி எங்க?"

"சாமியறையில."

போய்ப் பார்த்தேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் மகளின் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் அவளுடைய தையல் கத்தரிக்கோல், அளவு நாடா. அவற்றுக்கு நடுவில் என் பட்டி, பாம்பு மாதிரிச் சுருண்டு, சந்தனமும் குங்குமமும் பூசி, மேலே ஒரு செவ்வரத்தம்பூவோடு இருந்தது. உறையை அவள் தொடவில்லை. பட்டியை மட்டும் எடுத்திருக்கிறாள்.

பூசைக்கு வைத்ததை மறுநாள் பூசை முடியாமல் எடுக்கக் கூடாது. பிள்ளைகள் பென்சில்கூட எடுக்கமாட்டார்கள். எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் படிக்காமல் இருக்க அதைவிட நல்ல சாட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

"எத்தினை மணிக்குப் பூசை?"

"எட்டுக்குப் பிறகுதான் நல்ல நேரம் எண்டு ஐயர் சொன்னவர்."

"எனக்கு ஆறரைக்கு வேலை! இண்டைக்குச் சோதனை. பட்டி சரியில்லாட்டி என்னைத் திரும்ப வாசலுக்கு அனுப்பிப்போடுவினம்."

அவள் என்னைப் பார்த்தாள். "இதை நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ?"

"நீர் இதை வைக்கப்போறன் எண்டு சொன்னனீரோ?"

எனக்குக் கோபம் வருவது பெரிய செய்தியில்லை. அடுப்பில் பால் பொங்கினாலே எனக்குக் கோபம் வரும். ஆனால் அன்றைக்கு வந்தது வேறு. பதினொரு வருட இரவும் ஒன்றாகத் தலைக்கு ஏறியது. உள்ளே போய்ப் பட்டியை எடுத்தேன்.

"எடுக்காதேங்கோ" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "நான் தொழிலுக்கெண்டு அதை வைக்கேல்ல. உங்களுக்கெண்டு வைச்சனான். அந்தச் சாமானோட போற மனுசன் சுகமா வரோணுமெண்டு வைச்சனான். பாதியில எடுக்காதேங்கோ."

துவாயால் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, உறையைக் கோத்து, கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஒவ்வொரு நாளும் வாசல்வரை வந்து "போயிட்டு வாங்கோ" என்பாள். அன்றைக்கு வரவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை. அது பெரிய பிழை, அந்த நேரமே தெரியும், ஆனாலும் பார்க்கவில்லை.

பொறுப்பதிகாரி என்னை முற்றத்தில் ஓடவிட்டார், குனிய வைத்தார், வானிலிருந்து குதிக்க வைத்தார். பிறகு பின்னால் வந்து பிடியைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தார். நான் முழு ஆளாகத் தடுமாறினேன், துவக்கு அசையவில்லை. "பட்டி நல்லம். ஆள்தான் போதாது" என்றார். பிறகு குனிந்து தையலுக்குள் இருந்த சிவப்பை நகத்தால் சுரண்டினார்.

"இது என்ன, இரத்தமா?"

"இல்ல சேர். குங்குமம்."

நிமிர்ந்து கடதாசியில் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு ஐந்தரைக்கு வீட்டுக்குப் போனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள், தனக்கும் ஒரு தட்டு எடுத்து எனக்கு முன்னால் இருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பின்னேர வெளிச்சத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டது அதுதான் முதல். நல்ல பசியோடு சாப்பிட்டாள். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். எவ்வளவு லேசாகத் தப்பிவிட்டோம் என்றுகூட நினைத்தேன்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்த வானில் போனேன். என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று யாரும் கேட்டால் யோசிக்காமல் அந்த எட்டு வருடத்தைச் சொல்வேன். பகலில் நானாவும் நானும், கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் ஜன்னலால் வரும் உப்புக் காற்று, மூதூரில் அவருடைய வீட்டிலிருந்து வரும் வட்டிலப்பம், நிலாவெளி வீதியில் அவர் பாடுகிற பாட்டு. அவர் பாட்டை நிற்பாட்டச் சொல்லி நான் பிஸ்டலைத் தட்டிக் காட்டுவேன், அவர் இன்னும் சத்தமாகப் பாடுவார். பின்னேரம் ஐந்தரைக்கு வீடு. மகள் கணக்குக் கொப்பியோடு வருவாள், எனக்குத் தெரியாத கணக்கையெல்லாம் தெரிந்த மாதிரிப் பார்ப்பேன். சில நாட்களில் மூன்று பேரும் டச்சுக் குடாக் கடற்கரைக்குப் போவோம். பஸ் நிலையத்துப் பக்கம் மேய்கிற மான்களுக்கு மகள் பாண் துண்டு போடுவாள், அவை மரியாதையே இல்லாமல் அவளுடைய பையையும் இழுக்கும். அந்தப் பின்னேரங்களில் ஒன்றைத் திருப்பித் தாருங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது?

ஐந்தரைச் சாப்பாட்டில் மனைவி சாப்பிடுகிற அளவைப் பார்த்து நான் பகிடி பண்ணுவேன். "என்னப்பா, மத்தியானம் ஒருத்தரும் சோறு தரேல்லையோ?" என்பேன். அவளும் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மட்டும் கொறிப்பாள். கேட்டால், சமைக்கும்போதே வாயில் போட்டுக்கொண்டேன் என்பாள். நம்பினேன்.

ஐம்பது வயதில் என் கண் பார்வை மங்கியது. டாக்டரின் கடிதத்தைப் பார்த்துவிட்டு, இனித் துவக்குக் கையில் தர முடியாது என்று கம்பெனி சொன்னது. ஒரு காலைப்பொழுதிலேயே கணக்கை முடித்தார்கள். பிஸ்டலையும் உறையையும் ஒப்படைத்துவிட்டு, நானாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒரு மணியளவில் வீட்டுக்கு வந்தேன். மகள் மட்டக்களப்பில் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறி எழும்பினாள். விசயத்தைச் சொன்னேன். கதிரையில் இருந்துகொண்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். எனக்காகக் கவலைப்படுகிறாள் என்று நினைத்து, "சாப்பிட்டீரோ?" என்று கேட்டேன்.

"ஓம், சாப்பிட்டிட்டன்."

எனக்குப் பசித்தது. குசினிக்குள் போய்ப் பானையைத் திறந்தேன். சோறு வடித்தபடியே இருந்தது, கரண்டி படவில்லை. கறிச்சட்டிகளைத் திறந்தேன். அவையும் அப்படியே. கழுவி வைத்த தட்டுகள் காய்ந்துபோய் இருந்தன.

"இஞ்ச வாரும். இது என்ன?"

வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"எப்ப தொடக்கம்?"

எனக்கு அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை, அந்த ஐந்தரைச் சாப்பாடுகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஆனாலும் கத்தினேன். எட்டு வருடமா பகல் பட்டினி, உனக்கு விசரா, பிள்ளைக்கும் தெரியாதா, நான் என்ன சண்டைக்கா போனேன், வங்கிக்குத்தானே போனேன் என்று கத்தினேன். ஒருநாளும் அவளை நீ என்று சொன்னதில்லை, அன்றைக்குச் சொன்னேன். அவள் நான் முடிக்கும்வரை நின்றாள்.

"பூசை முடியேல்லத்தானே" என்றாள். "ஆராவது முடிக்கத்தானே வேணும். நீங்கள் வந்து வாசல்ல நிண்டாத்தான் எனக்கு அது முடிஞ்ச மாதிரி."

நான் குசினிக்குள் நின்று அழுதேன். பிறகு இரண்டு தட்டை எடுத்து நானே சோற்றைப் போட்டு, கறியை விட்டு, அவளை இருத்தினேன். இரண்டு வாய் வைத்தாள். மூன்றாவதை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"இந்த நேரத்தில எனக்குப் பசிக்காது" என்றாள். "பழகிப்போச்சு."

இப்போது நான் நாள் முழுக்க வீட்டில்தான். காலையிலிருந்து அவளுடைய கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறேன். மத்தியானம் எனக்குப் போட்டுத் தந்துவிட்டு மெசினில் போய் இருந்துவிடுவாள். பின்னேரம் ஐந்தரைக்குத்தான் அவளுக்குப் பசிக்கிறது.